கும்பிடுகிறவர்கள் ஏன் கொன்றார்கள்?

கோடை விடுமுறைக்கு அக்காவின் பிள்ளைகள் இருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூத்தவளுக்கு 12 வயது, தம்பிக்கு 8. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வோம். கிறிஸ்டோபர் பவோலினியின் 'எரகன்' நாவலை ஒரு பக்கம் நான் மனத்துக்குள் படித்துவிட்டு, அதைத் தமிழில் கதையாகச் சொல்வேன். முதல் இரவே தம்பி கேட்டான், எல்ஃப் என்றால் யார் என்று. காது கூர்மையாக இருக்கும், காட்டுக்குள் வாழ்வார்கள், மூப்பு வந்து சாக மாட்டார்கள், டிராகன்களைக் கும்பிடுகிறவர்கள் என்று சொன்னேன். சொன்ன கையோடு மறந்தும்விட்டேன். கதை சொல்கிற வேகத்தில் எத்தனையோ சொற்களை வாய்க்கு வந்தபடி எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

மூன்றாம் இரவு, ப்ரோம் என்ற கிழவர் எரகனுக்குப் பழைய கதை சொல்லும் இடம் வந்தது. எல்ஃப்கள் கடல் கடந்து அலகேசியா நிலத்தில் வந்து இறங்கிய பிறகு, அவர்களில் ஓர் இளைஞன் மானைத் துரத்துவதுபோல ஒரு டிராகனைத் துரத்திக் கொன்றான். டிராகன்கள் பதுங்கியிருந்து அவனைக் கொன்றன. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. திரண்டு வந்து எல்ஃப் இனம் முழுவதன் மேலும் பாய்ந்தன. 5 ஆண்டுகள் போர் நடந்தது. இந்த இடத்தில் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "சித்தி, கும்பிடுகிறவர்கள் ஏன் கொன்றார்கள்?" என்றாள்.

கொன்ற பிறகுதான் கும்பிட ஆரம்பித்தார்கள் என்றேன். "பயந்துபோயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்படியானால் பாவம் தீர்க்கவா?" அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. தம்பி அதற்குள் தூங்கியிருந்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்று புத்தகத்தை மூடினேன். அவர்கள் ஊருக்குத் திரும்பும்வரை அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவே இல்லை. மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்காகவே இரண்டாம் புத்தகத்தையும் மூன்றாம் புத்தகத்தையும் மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, தவறு என் சொல்லில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

மிகைபுனைவு நூல்களைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்தத் தவறைச் செய்கிறோம். ஓர் இனத்தை அறிமுகப்படுத்தும்போது அதன் குணங்களை வரிசையாக அடுக்குகிறோம்: நீண்ட ஆயுள், வில்லாற்றல், மரங்களோடு உறவு, டிராகன் பக்தி. கூர்மையான காது பிறவியிலேயே வந்ததுபோல, இந்தப் பக்தியும் பிறவியிலேயே வந்தது என்கிற தொனி அதில் இருக்கிறது. காது வேண்டுமானால் பிறவியில் வரலாம். மதிப்பு அப்படி வருவதில்லை. அதற்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, பல நேரம் வெளியே சொல்லக் கூசுகிற ஒன்று.

படபடக்கிற செதில்

அந்த நாவல்களில் எல்ஃப்கள் பேசும் பழைய மொழியில் டிராகனுக்கு 'ஸ்குல்பிளாகா' என்று பெயர். நேர்ப்பொருள், செதிலைப் படபடக்கிறது. பவோலினி தன் பழைய மொழியின் பெரும்பகுதியைப் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து, அதாவது வைக்கிங்குகள் பேசிய மொழியிலிருந்து, கட்டினார். மூன்றாம் நாவலின் தலைப்பான 'பிரிசிங்ர்' என்பதே நோர்ஸ் மொழியில் நெருப்பைக் குறிக்கும் சொல். நோர்ஸின் இன்றைய வாரிசான ஐஸ்லாந்து மொழியில் வௌவாலுக்கு 'லெதுர்பிளாகா' என்று பெயர், தோலைப் படபடக்கிறது. ஸ்குல்பிளாகாவும் அதே அச்சில் வார்த்த சொல்தான்.

இது எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை. யோசித்துப் பாருங்கள், ஒரு டிராகனின் அருகில் வாழ்ந்தவர்கள் இந்தப் பெயரை வைத்திருப்பார்களா? தூரத்தில் நின்று, வானத்தில் ஏதோ பறக்கிறது, செதில் மினுங்குகிறது, இறக்கை அடித்துக்கொள்கிறது என்று பார்த்தவன் வைக்கிற பெயர் இது. அதன் நெருப்பு இதில் இல்லை. அறிவு இல்லை. அதற்கு ஒரு மனம் உண்டு, அந்த மனத்தால் பேச முடியும் என்பது இல்லவே இல்லை. வேட்டைக்காரனின் கண்ணால் பார்த்து வைத்த பெயர். பிற்காலத்தில் டிராகன்களை இவ்வளவு உயர்வாக நடத்திய பிறகும் எல்ஃப்கள் அந்தச் சொல்லைத்தான் பேசுகிறார்கள். அந்தப் போருக்கும் 'டூ ஃபிர்ன் ஸ்குல்பிளாகா', டிராகன் போர், என்றுதான் பெயர். கதாசிரியர் இதை யோசித்து வைத்தாரா, தானாக அமைந்ததா என்பது எனக்கு முக்கியம் இல்லை. பண்பாடு இப்படித்தான் நடந்துகொள்கிறது. மனம் மாறிப் பல காலம் ஆனாலும், மாறுவதற்கு முன்பு என்னவாக இருந்தோம் என்பதற்குச் சொல் சாட்சியாக நிற்கிறது.

ப்ரோம் சொல்லும் கதையில் இன்னொரு செய்தியும் வருகிறது. எல்ஃப்கள் போரை நிறுத்த விரும்பினார்கள், ஆனால் டிராகன்களோடு பேச அவர்களுக்கு வழி தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் மொழி வேண்டும் அல்லவா? மானை வேட்டையாடியவன் மானிடம் மன்னிப்புக் கேட்க வழி தேடுவதில்லை. வழி தேடத் தொடங்கிய அன்றே, எதிரில் இருப்பது மான் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்த பிறகும் செத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒரு முட்டை

போரை முடித்தது ஒரு முட்டை. எரகன் என்ற பெயருடைய ஓர் எல்ஃப் (நாவலின் நாயகன் எரகனுக்கு இவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்) ஒரு டிராகன் முட்டையைக் கண்டெடுத்தான். அதிலிருந்து வந்த வெள்ளை டிராகனுக்குப் பிட்டாம் என்று பெயரிட்டு வளர்த்தான். வளர்ந்ததும் இருவருமாகச் சேர்ந்து டிராகன்களிடையே போனார்கள், பேசினார்கள், சமாதானத்துக்கு இணங்கவைத்தார்கள். இரண்டு இனங்களும் மறுபடி ஒருபோதும் மோதிக்கொள்ளாதிருக்க மந்திரத்தால் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. டிராகன் வீரர்கள் என்ற அமைப்பு அதிலிருந்துதான் பிறந்தது.

இந்த இடத்தை முன்பு படித்தபோது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முட்டை, குட்டி, நட்பு, சமாதானம் என்று எல்லாம் வசதியாக நடந்துவிடுவதாகத் தோன்றியது. இந்தச் சொற்கள் எந்த மண்ணிலிருந்து வந்தனவோ அந்த மண்ணின் பழைய கதையை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் இதன் கனம் புரிந்தது.

நோர்ஸ் மரபில் டிராகனைக் கொன்றவர்களில் புகழ்பெற்றவன் சிகுர்ட். ஃபாஃப்னிர் என்ற டிராகனைக் குழியில் பதுங்கியிருந்து கீழிருந்து குத்துகிறான். பிறகு அதன் இதயத்தை நெருப்பில் வாட்டுகிறான். வெந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கும்போது விரல் சுடுகிறது, விரலை வாயில் வைக்கிறான். டிராகனின் குருதி நாவில் பட்டதும் மரத்தில் இருக்கும் பறவைகளின் பேச்சு அவனுக்குப் புரிகிறது. ஸ்வீடனின் சோடர்மன்லாந்துப் பகுதியில் ராம்சுண்ட் என்ற இடத்துப் பாறையில் சுமார் 1030ஆம் ஆண்டு இதைச் செதுக்கியிருக்கிறார்கள். நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். வாயில் விரலோடு சிகுர்ட், மரத்தில் பறவைகள், டிராகனைக் கொல்ல அவனைத் தூண்டிவிட்டு, தலை வெட்டப்பட்டுக் கிடக்கும் கொல்லன் ரெகின், எல்லாவற்றையும் சுற்றி வளைந்து கிடக்கும் டிராகன். அந்த டிராகனின் உடலுக்குள்தான் ரூனிக் எழுத்துகள் ஓடுகின்றன. ஆனால் அந்த எழுத்துகள் சிகுர்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓர்மின் மகள் சிக்ரித், ஹோல்ம்கேய்ர் என்பவரின் ஆன்மாவுக்காக இந்தப் பாலத்தைக் கட்டினாள் என்று சொல்கின்றன. 'ஓர்ம்' என்றால் பாம்பு, டிராகன். கொல்லப்படும் டிராகனின் உடம்பில், டிராகன் என்ற பெயருடைய ஒருவரின் மகள், செத்துப்போன ஒருவருக்காகக் கட்டிய பாலத்தின் செய்தி. இந்தப் பாறையைப் பற்றிப் படித்த நாள் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அதே மண்ணில் எல்ஃப்களின் நிலை என்ன? 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்வத் என்ற கவிஞர் ஸ்வீடன் வழியாகப் பயணம் போனபோது ஒரு பண்ணை வீட்டில் இரவு தங்க இடம் கேட்கிறார். உள்ளே எல்ஃப்களுக்குப் படையல் நடக்கிறது, வராதே என்று துரத்திவிடுகிறார்கள். அவரே அதைப் பாட்டில் சொல்லியிருக்கிறார். அங்கே எல்ஃப்கள் படையலை வாங்கிக்கொள்கிறவர்கள். டிராகனுக்கோ வாள்தான்.

பவோலினியின் கதை இந்த இரண்டையும் தலைகீழாக்குகிறது. இங்கே எல்ஃப்கள் படையல் வைக்கிறவர்கள். டிராகனைக் கொன்றவனுக்கு மொழி கிடைக்கவில்லை, இருந்த அமைதியும் போய்விட்டது. மொழி கிடைத்தது முட்டையைப் பொரிக்கவைத்து வளர்த்தவனுக்கு. சிகுர்ட் இதயத்தைத் தின்று கற்றதை இவன் சோறூட்டிக் கற்றான். 15 வயதில் எழுதத் தொடங்கிய ஒரு பையன், மொன்டானாவில் வீட்டிலிருந்தே படித்தவன், 2002இல் பெற்றோர் தாங்களே அச்சிட்டு வெளியிட்ட புத்தகத்தில் இதைச் செய்திருக்கிறான். அவன் கதைப்போக்கு முன்னோரிடமிருந்து நிறையக் கடன் வாங்கியது என்று விமர்சகர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கொலையில் தொடங்கி வளர்ப்பில் முடியும் இந்த முன்கதையின் அருமையை அந்த விமர்சனம் மறைத்துவிடக் கூடாது.

கடவுள் இல்லாத காடு

டூ வெல்டன்வார்டன் காட்டுக்குள் எல்ஃப்களின் தலைநகரம் எல்லெஸ்மேரா. வீடுகளைக் கட்டுவதில்லை, மரங்களைப் பாடியே வீடாக வளர்க்கிறார்கள். திருமணம் என்ற வழக்கம் இல்லை, விரும்பும்வரை சேர்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் மிகக் குறைவு, ஆகவே குழந்தை என்றால் ஊருக்கே உயிர். இவையெல்லாம் படித்தவர்களுக்குத் தெரியும். நான் நின்று பார்க்க விரும்புவது வேறொன்றை. இவர்களுக்குக் கடவுள் இல்லை. குள்ளர்களுக்கு உண்டு, கோயிலும் பூசையும் உண்டு. எல்ஃப்கள் எதையும் தொழுவதில்லை. ஆசான் ஓரோமிஸ் எரகனுக்கு இதை ஒளிக்காமல் சொல்கிறார். ஆக, 'டிராகன்களைக் கும்பிடுகிறவர்கள்' என்று நான் அறிமுகப்படுத்திய இனம், எதையுமே கும்பிடாத இனம். என் சொல் உடைந்த முதல் இடம் இதுதான்.

இரண்டாவது இடம் அவர்களின் உணவு. எல்ஃப்கள் இறைச்சி உண்பதில்லை. மற்ற உயிர்களின் மனத்தைத் தம் மனத்தால் தொட முடிகிறவர்கள், தொட்டபின் அதைத் தின்ன மனம் வருவதில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் அவர்கள் மதிக்கும் டிராகன்கள் மானைப் பிடித்துத் தின்பவை. ஒரு காலத்தில் டிராகனை மானாக நினைத்து வேட்டையாடிய இனம் இன்று மானைக்கூடத் தொடுவதில்லை, மான் தின்னும் டிராகனைக் குறை சொல்வதும் இல்லை. நாம் உயர்த்தி வைப்பது நம்மைப்போலவே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காத மதிப்பு இது. நிஜ வாழ்க்கையில் இப்படிப்பட்ட மதிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாவது, விழா. உடன்படிக்கையின் நினைவாக 100 ஆண்டுக்கு ஒருமுறை எல்லெஸ்மேராவின் மெனோவா மரத்தடியில் குருதி உறுதிமொழி விழா நடக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் தன் கையால் செய்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வாங்கியது கூடாது. எரகன் ஒரு கவிதை எழுதிக்கொண்டு போகிறான். அவனுடைய டிராகன் சஃபீரா, பாறையைத் தன் நெருப்பால் உருக்கிச் சிற்பமாக வடித்துக் கொண்டுவருகிறது. இந்த வரியைப் பலமுறை திரும்பிப் படித்தேன். டிராகனும் காணிக்கை கொண்டுவருகிறது! காணிக்கை வாங்கிக்கொள்கிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியது, வரிசையில் நின்று தன் பங்கை வைக்கிறது. தெய்வம் தனக்கு நடக்கும் திருவிழாவில் படையல் வைப்பதில்லை. சம்பந்தி வீட்டார்தான் இரு பக்கத்திலிருந்தும் சீர் கொண்டுவருவார்கள்.

எல்ஃப்களிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பழைய மொழியில் பொய் சொல்ல முடியாது. சொன்ன வாக்கு மந்திரமாகக் கட்டிவிடும். ஆனால் உண்மைகளை மட்டுமே அடுக்கி எதிராளியைத் தவறாக நம்பவைப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ரூனோன் என்ற கொல்லப் பெண், தான் செய்து கொடுத்த வாள்களைக் கொண்டே, கொடுங்கோலன் கால்பட்டோரிக்ஸும் அவனோடு சேர்ந்த துரோகிகளும் மற்ற டிராகன் வீரர்களைக் கொன்றதைப் பார்த்து, இனி ஆயுதம் செய்வதில்லை என்று சபதம் எடுத்தாள். பிறகு எரகனுக்கு வாள் தேவைப்பட்டபோது, அவன் உடலைத் தன் மனத்தால் இயக்கி, அவன் கைகளாலேயே வாளை அடித்துவிடுகிறாள். சபதம் உடையவில்லை. அந்த அத்தியாயம் அற்புதமாக எழுதப்பட்டது. ஆனாலும் சபதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டாள் என்ற வருத்தம் எனக்கு நீங்கவில்லை.

இன்னொரு வருத்தம் இதைவிடப் பெரியது. உடன்படிக்கைக்கு முன்பு எல்ஃப்களும் மனிதர்களைப்போலச் சாகிறவர்களாகத்தான் இருந்தார்கள். டிராகன்களோடு மந்திரத்தால் கட்டுண்ட பிறகுதான் மெல்ல மெல்ல அவர்களுக்கு மூப்பில்லாமல் போனது, வலிமையும் அழகும் வந்தன. அதாவது, கொன்றவர்களின் இனம் சாவை வென்றது. கொல்லப்பட்ட அந்த முதல் டிராகனுக்கு என்ன கிடைத்தது? அதற்குப் பெயர்கூட இல்லை. கொன்றவன் பெயரும் சொல்லப்படவில்லை. முட்டை எடுத்தவனுக்குப் பெயர் உண்டு, பிட்டாமுக்குப் பெயர் உண்டு. பெயர் என்பது இந்த உலகத்தில் சாதாரணம் இல்லை. துரோகிகள் 13 பேரோடு சேர்ந்த டிராகன்களுக்கு மற்ற டிராகன்கள் கொடுத்த தண்டனையே அவற்றின் பெயர்களைப் பறித்ததுதான். அத்தனை பெரிய தண்டனையை, ஒரு குற்றமும் செய்யாத முதல் டிராகன் கதையின் ஆரம்பத்திலிருந்தே அனுபவித்துக்கொண்டிருக்கிறது. விழாவில் உடன்படிக்கையைப் பாடுகிறார்கள். அந்த டிராகனை யாராவது பாடியிருக்கலாம்.

நாடாவும் உறக்கமும்

டிராகனை உயர்த்தி வைத்த எல்ஃப் இனங்களை வேறு கதைகளிலும் பார்க்கலாம். 2018இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'தி டிராகன் பிரின்ஸ்' தொடரில் டிராகன் அரசனைக் கொன்றதற்குப் பழிவாங்கக் கிளம்பும் நிலவு எல்ஃப்கள் தம் கையில் வெள்ளை நாடாவைக் கட்டிக்கொள்கிறார்கள். குறிவைக்கப்பட்டவர் சாகும்வரை அது இறுகிக்கொண்டே போகும். ரெய்லா என்ற பெண் கொல்ல மறுக்கிறாள், அவள் கை நீலம் பாரிக்கிறது. அவளுடைய பெற்றோர் டிராகன் முட்டையைக் காக்கும் பணியில் இருந்தவர்கள். அவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள் என்று நம்பி ஊரே அவர்களை இல்லாதவர்களாக்கிவிட்டது. மதிப்பு கண்டிப்பாக மாறினால் அது எந்தக் கையை முதலில் நெரிக்கும் என்பதை அந்த நாடா காட்டுகிறது. வார்ஹாமர் விளையாட்டின் கேலடோர் எல்ஃப்களோ நேர் எதிர். மலைகளின் வெப்பம் தணியத் தணிய அவர்களுடைய டிராகன்கள் குகைகளில் நீண்ட உறக்கத்தில் ஆழ்ந்துவிட்டன. டிராகன் இளவரசர்கள் என்ற பட்டம் மட்டும் மிச்சம், பெரும்பாலோர் குதிரையில்தான் போருக்குப் போகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

எல்லெஸ்மேராவும் ஒருவகையில் அந்த நிலையில்தான் இருக்கிறது. கால்பட்டோரிக்ஸ் டிராகன்களை அழித்துவிட்டான். அவன் பிடியில் மிஞ்சியவை 3 முட்டைகள். அதில் ஒன்றைத் திருடிக்கொண்டுவந்த பிறகு, எல்ஃப் இளவரசி ஆர்யா பல ஆண்டுகளாக அதைச் சுமந்து போவதும் வருவதுமாக இருக்கிறாள். முதல் நாவல் தொடங்குவதே அவள் மேல் நடக்கும் தாக்குதலில்தான். கூட வந்த ஃபேயோலினும் கிளென்விங்கும் செத்து விழுகிறார்கள். அவள் முட்டையை மந்திரத்தால் வெகுதூரம் அனுப்பிவிட்டுப் பிடிபடுகிறாள், சிறையில் சித்திரவதைப்பட்டும் வாய் திறப்பதில்லை. ஒரு டிராகனைக் கொன்றவர்களாக இருந்த அந்த இனம், ஒரு முட்டைக்காகச் சாகிறவர்களாக ஆகிவிட்டது. இதைக் கும்பிடுதல் என்று சொல்ல முடியுமா? கோயில் விக்கிரகத்தை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு யாரும் ஊர் ஊராக அலைவதில்லை. பிள்ளையைத்தான் அப்படித் தூக்கிக்கொண்டு திரிவார்கள்.

இரண்டு உடல்கள்

விழாவின் முடிவில் இடுனா, நேயா என்ற இரண்டு பெண்கள் முன்னால் வருகிறார்கள். ஒருத்தியின் கூந்தல் கறுப்பு, மற்றவளுடையது வெள்ளிக் கம்பிபோல. இவர்கள் உடன்படிக்கையின் காவலர்கள். அவர்கள் உடம்பில் பச்சை குத்தியதுபோல ஒரு டிராகன், ஒவ்வொரு செதிலும் ஒவ்வொரு நிறம். அது இடுனாவின் கணுக்காலில் தொடங்கி அவள் உடலைச் சுற்றி ஏறி, நேயாவின் உடலுக்குத் தாவி, அவள் மார்பில் தலையோடு முடிகிறது. தனித்தனியாக நின்றால் ஒருத்தியிடம் வால், ஒருத்தியிடம் தலை. கைகளைப் பின்னிக்கொண்டு சேர்ந்து நின்றால்தான் டிராகன் முழுமையாகிறது.

அவர்கள் காலைத் தரையில் ஓங்கி மிதிக்கிறார்கள். மறுபடி. மறுபடி. பிறகு பாட்டும் ஆட்டமும் வேகமெடுக்கின்றன. படத்தில் இருந்த கண் திறக்கிறது, இறக்கை அசைகிறது. தோலிலிருந்து டிராகன் எழுந்து காற்றில் நிற்கிறது, வால் நுனி மட்டும் அந்தப் பெண்களின் தோலோடு ஒட்டியிருக்கிறது. அது கூட்டத்தைப் பார்க்கிறது. பிறகு எரகனிடம் வந்து அவன் உள்ளங்கையில் இருக்கும், டிராகன் வீரனுக்கு அடையாளமான வெள்ளித் தழும்பைத் தொடுகிறது. முந்தைய போரில் துர்சா என்ற எதிரியின் வாள் அவன் முதுகில் விட்டுப்போன காயம், நினைத்தபோதெல்லாம் அவனைத் தரையில் தள்ளித் துடிக்கவைத்த காயம், விழித்தபோது இல்லை.

முதல் தடவை படித்தபோது காயம் ஆறியதுதான் என் கண்ணில் பட்டது. இப்போது வேறொன்று பட்டது. அந்த டிராகனை ஓர் ஆள் தனியாக வைத்திருக்க முடியாதபடி அந்த இனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பூசாரி இல்லை, பீடம் இல்லை. யாரிடமும் முழு டிராகன் இல்லை. ஒருத்தி கோபித்துக்கொண்டு போய்விட்டால் இன்னொருத்தியின் மார்பில் உடலில்லாத தலை மட்டும் இருக்கும். வேட்டைக்காரன் கொண்டுவந்து வைத்திருப்பானே, அதுபோல. 5 ஆண்டு போரில் கற்றுக்கொண்டதை அவர்கள் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை, இரண்டு பேரின் தோலில் பாதிப் பாதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ராம்சுண்ட் பாறையில் டிராகனின் உடம்புதான் எழுத்து ஓடும் இடம். அங்கே அதை வாள் குத்திக்கொண்டிருக்கிறது. இங்கே அது கைகோத்தால் எழுந்துவிடுகிறது.

அன்றுதான் எனக்குச் சொல் கிடைத்தது. 'போற்று' என்று தமிழில் ஒரு சொல் வைத்திருக்கிறோம். புகழ்வதும் போற்றுதல், பாதுகாப்பதும் போற்றுதல், வளர்ப்பதும் போற்றுதல். பிட்டாமை வளர்த்தவன் செய்தது, முட்டையைச் சுமந்த ஆர்யா செய்தது, இடுனாவும் நேயாவும் செய்வது, மூன்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். 2011இல் வந்த நான்காம் நாவலின் முடிவில் எரகன் அந்த உடன்படிக்கையைத் திருத்தி, குள்ளர்களையும் ஊர்கல்களையும் அதில் சேர்க்கிறான். ஊர்கல்கள் அதுவரை எல்லோரும் அஞ்சி ஒதுக்கிய இனம். அவர்களுக்காகவும் இனி முட்டைகள் பொரியும்.

சென்ற வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட உட்காருவதற்கு முன்பே பெண்ணிடம் சொன்னேன், அன்று நான் சொன்ன சொல் தவறு, அவர்கள் கும்பிடுகிறவர்கள் இல்லை, போற்றுகிறவர்கள் என்று. கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஆனால் முதலில் கொன்றது மாறாதே" என்றாள். மாறாது என்றேன். பிறகு இடுனா, நேயாவின் நடனத்தைச் சொன்னேன். தம்பியும் வந்து உட்கார்ந்து கேட்டான்.

மறுநாள் காலை இருவரும் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். நீல பால்பாயின்ட் பேனாவால் அவள் இடது கையில் முழங்கைவரை டிராகனின் தலையும் ஓர் இறக்கையும், தம்பியின் வலது கையில் மீதி இறக்கையும் வாலும். கையை ஒட்டி வைத்துக் காட்டினார்கள். இறக்கை கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. மாலையில் அவள் முதலில் வந்தாள். அக்கா கைகால் கழுவிவிட்டு வரச் சொன்னாள். தம்பியின் வேன் வரட்டும் என்று சொல்லிவிட்டு, கையைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.